தடுப்பூசி எங்கே நின்றது? ஏற்றுமதிச் சண்டைச் செய்தியைப் பிரித்துப் படிக்கும் முறை

"அந்த நாடு தடுப்பூசியை வெளியே விடவில்லையாம்" என்று வாட்ஸ்அப் குழுவில் வந்ததை அப்படியே விவாத மேடையில் சொன்னால், எதிரணி ஒரே கேள்வியில் மடக்கிவிடும்: எந்த உத்தரவின்படி? கொவிட்-19 காலத்துப் பேர்போன சண்டைகள் பலவற்றில் முழுத் தடை என்று ஒன்று இருக்கவேயில்லை. ஆகவே தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, மருந்து எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைத்தான். மூலப்பொருளிலா, ஆலை உற்பத்தியிலா, உரிமத்திலா, குப்பிக் கணக்கிலா?

ஒப்பந்தம் வெளியாகியிருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். ஐரோப்பிய ஆணையமும் ஆஸ்ட்ராஸெனகாவும் 2020 ஆகஸ்ட்டில் 300 மில்லியன் ஊசிக்குச் செய்துகொண்ட ஒப்பந்தம், சில பகுதிகள் மறைக்கப்பட்டு 2021 ஜனவரியில் வெளிவந்தது. அதில் மூன்று இடங்களில் கோடு போடுங்கள். ஒன்று, 'நியாயமான சிறந்த முயற்சி' என்ற வாசகம். ஊசி வரத்து குறைந்தபோது, முயல்வதாகத்தான் ஒப்புக்கொண்டோம், இத்தனை தருவதாக அல்ல என்று நிறுவனம் நின்றது இதை வைத்துத்தான். இரண்டு, ஆலைகள் பற்றிய பிரிவு. பிரிட்டிஷ் ஆலைகளும் அதில் வருவதால் அங்கிருந்தும் அனுப்ப வேண்டும் என்றது ஆணையம். மூன்று, எந்த நாட்டுச் சட்டம் என்பது. பெல்ஜியச் சட்டம் என்று இருந்ததால் வழக்கு பிரஸ்ஸல்ஸ் போனது. ஜூன் இறுதிக்குள் 120 மில்லியன் வேண்டும் என்று ஆணையம் கேட்டிருந்தது. 2021 ஜூன் 18 அன்று நீதிமன்றம், செப்டம்பர் 27க்குள் மூன்று தவணைகளில் 50 மில்லியன் தர வேண்டும், தவறினால் ஊசி ஒன்றுக்கு 10 யூரோ என்றது. இரு தரப்பும் தாங்களே வென்றதாக அறிக்கை விட்டன! அதனால் அறிக்கையை விட்டுவிட்டுத் தீர்ப்பில் உள்ள எண்களை எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து உத்தரவின் வகை. 2021 ஜனவரி இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்தது அனுமதி முறை: ஒவ்வோர் அனுப்புதலுக்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு அனுமதி கிடைத்தது. மார்ச்சில் ஆஸ்திரேலியாவுக்குப் போகவிருந்த 250,000 ஊசிகளை இத்தாலி மறுத்ததுதான் உலகச் செய்தியானது. அமெரிக்காவிலோ தற்காப்பு உற்பத்திச் சட்டத்தின்கீழ் உள்நாட்டு ஆர்டருக்கு முன்னுரிமை. தடை என்று எழுதிய காகிதம் எதுவும் இல்லை. ஆனாலும் தடுப்பூசி தயாரிக்கத் தேவையான வடிகட்டியும் ஒருமுறைப் பயன்பாட்டுப் பையும் அங்கிருந்து கிடைக்கவில்லை என்று இந்தியாவின் புனேயில் உள்ள சீரம் தடுப்பூசி நிறுவனத்திலிருந்து குரல் எழுந்தது.

மாணவர்கள் அதிகம் தவறவிடுவது குப்பிக் கணக்கு. ஃபைசர் குப்பியில் 0.45 மில்லிலிட்டர் மருந்து, 1.8 மில்லிலிட்டர் உப்புநீர் கலந்தால் 2.25 ஆகும். ஓர் ஊசிக்கு 0.3. முதலில் குப்பிக்கு ஐந்து ஊசி என்றிருந்ததை ஐரோப்பிய மருந்து முகவை 2021 ஜனவரியில் ஆறாக மாற்றியது. ஒப்பந்தமோ ஊசி எண்ணிக்கையில். ஆக 6,000 ஊசிக்கு 1,200 குப்பி வந்த இடத்தில் 1,000 போதும் என்றாகிவிட்டது. ஆறாவது ஊசியை எடுக்க, ஊசிமுனையும் சிரிஞ்சும் சேர்ந்து 35 மைக்ரோலிட்டருக்கு மேல் மருந்தைத் தேக்கக்கூடாது. சாதாரண சிரிஞ்சு என்றால் ஆறாவது ஊசிக்கான மருந்து குப்பியோடு சேர்ந்து குப்பைக்குப் போகும், விலை மட்டும் நிற்கும். 'வரத்து குறைந்தது' என்ற செய்தியைக் கண்டால் எண்ணியது குப்பியையா ஊசியையா என்று முதலில் கேளுங்கள்.

உலக வர்த்தக நிறுவன விதியை நீட்டி முழக்க வேண்டாம். காட் (GATT) எனும் பொருள் வர்த்தக ஒப்பந்தத்தின் 11ஆம் பிரிவு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைத் தடுக்கிறது. கடும் பற்றாக்குறையில் தற்காலிகமாக விதிக்க அதே பிரிவு வழியும் விடுகிறது. வழக்குப் போட்டாலும் தீர்ப்பு வருவதற்குள் மருந்து காலாவதியாகிவிடும்.

சிங்கப்பூரை உதாரணம் காட்டும்போது கைமாற்றையும் நன்கொடையையும் குழப்பாதீர்கள். 2021 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுக்குப் போன 500,000 ஃபைசர் ஊசிகள் கைமாற்று. அதே அளவு டிசம்பரில் திரும்பி வருவதாகத்தான் ஏற்பாடு. கோவேக்ஸ் எனும் உலகத் தடுப்பூசிப் பகிர்வுத் திட்டத்தில் சிங்கப்பூருக்குக் கிடைத்த பங்கிலிருந்து இந்தோனீசியாவுக்குக் கொடுத்த 122,400 ஆஸ்ட்ராஸெனகா ஊசிகள்தான் நன்கொடை. இரண்டையும் ஒரே வரியில் கூட்டிச் சொன்னால் நடுவர் மதிப்பெண்ணில் கைவைப்பார்.