பழைய கம்ப்யூட்டர் திடீரென்று செத்துப்போச்சா? சுவரிலிருந்து தொடங்குங்க

ஐப்பசி மாசம் குளச்சலில் மத்தியானம் வரைக்கும் வெயில் காய்ந்தால் சாயங்காலம் இடி உண்டு. அப்படி ஒரு இடி மழைக்கு மறுநாள் காலையில் அத்தை போன் பண்ணினாள். "மக்களே, பெட்டி அணைஞ்சு போச்சு. பட்டனை அமுக்குனா ஒரு அனக்கமும் இல்ல."

2009இல் வாங்கிய டூயல் கோர் சிஸ்டம் அது. மகள் கல்யாணப் போட்டோ முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. பக்கத்துக் கடைப் பையன் வந்து, மூடியைக்கூடத் திறக்காமல், "போர்டு போச்சு, புதுசு வாங்கிருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். எனக்கு இதில்தான் கோபம். திறக்காமலே சாவுக்குக் காரணம் சொல்ல அவனுக்கு எப்படி முடிந்தது?

ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். கையில் இருந்தது ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், பென்சில் அழிக்கிற ரப்பர், பெயின்ட் பிரஷ், டார்ச். உங்களுக்கும் இது போதும். போர்டு போகவில்லை. என்ன போயிருந்தது என்று போகிற போக்கில் சொல்கிறேன்.

முதலில் விசாரணை

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் வீட்டு ஆளிடம் நாலு கேள்வி கேளுங்கள். அணையும்போது ஓடிக்கொண்டிருந்ததா, இல்லை காலையில் போட்டபோது வரவில்லையா? சத்தம் கேட்டதா? கருகின வாசனை வந்ததா? வீட்டில் வேறு ஏதாவது போச்சா?

கடைசிக் கேள்விக்கு அத்தை சொன்ன பதில்: "டிவி பெட்டிக்க மேல இருக்கிற கேபிள் பாக்ஸும் போச்சு. ரெண்டு பல்பும் போச்சு. அதுக்கு முன்ன பல்பெல்லாம் ஒரு மாதிரி வெள்ளையா எரிஞ்சுது."

பாதி வழக்கு அங்கேயே முடிந்தது. நம்ம ஊரில் கரண்ட் கம்பிகள் தென்னைக்கு நடுவில்தான் போகின்றன. காற்றில் ஒரு மட்டை விழுந்து நியூட்ரல் கம்பி அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்குள் 400 வோல்ட் வரைக்கும் ஏறி வர வாய்ப்புண்டு. பல்பு அளவுக்கு மீறி வெளிச்சமாக எரிவது அதற்கு அடையாளம். அந்த அடியை முதலில் வாங்குவது எஸ்.எம்.பி.எஸ், அதாவது சுவரிலிருந்து வரும் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய சின்ன வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் டப்பா.

அடுத்து, 'செத்துப்போச்சு' என்பது மூன்று விதம். ஒன்று, லைட்டும் இல்லை, ஃபேனும் இல்லை, எதுவுமே இல்லை. இரண்டு, ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. மூன்று, வருகிறது, கொஞ்ச நேரத்தில் அணைகிறது. மூன்றுக்கும் தேட வேண்டிய இடம் வேறு. எது உங்களுடையது என்று தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

படி 1: சுவர்

எதுவுமே இல்லையென்றால் சுவரிலிருந்து தொடங்கி உள்ளே வாருங்கள். அதே பிளக் பாயிண்டில் டேபிள் ஃபேனை மாட்டி ஓடுகிறதா பாருங்கள். பிறகு ஸ்பைக் பஸ்டரைக் கழற்றி ஓரமாக வையுங்கள். அதற்குள் ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கும், அது போயிருந்தாலும் போதும். யூ.பி.எஸ் இருந்தால் அதையும் கழற்றுங்கள். வீட்டு யூ.பி.எஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. இரண்டு மூன்று வருஷத்தில் அது தளர்ந்துபோகும். பேட்டரி முழுசாகச் செத்தால், கரண்ட் இருந்தாலும் ஆன் ஆகாத யூ.பி.எஸ் நிறைய உண்டு. பழி மட்டும் கம்ப்யூட்டர் மேல் விழும்.

பவர் கார்டை மானிட்டரில் இருக்கும் கார்டோடு மாற்றிப் பாருங்கள். ரெண்டும் ஒரே மாதிரிதான். சி.பி.யு பின்பக்கம் கார்டு சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். பெருக்கும்போது துடைப்பம் பட்டு அது அணைந்து, ஒரு வாரம் கம்ப்யூட்டர் 'செத்து'க் கிடந்த வீட்டை எனக்குத் தெரியும். பழைய எஸ்.எம்.பி.எஸ் சிலவற்றில் 115/230 என்று சிவப்பாக இன்னொரு சுவிட்ச் இருக்கும். நமக்கு 230. அதை விளையாட்டுக்குக்கூட 115க்குத் தள்ளாதீர்கள், பட்டென்று வெடிக்கும்.

இன்னொன்று. கேபினட் தகரத்தைத் தொட்டால் சுரீர் என்கிறதா? அப்படியானால் உங்கள் பிளக் பாயிண்டில் எர்த் சரியில்லை. கடலோர வீடுகளில் மண்ணுக்குள் இருக்கும் எர்த் கம்பி உப்பில் அரித்துப் போவது சகஜம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை முதலில் சரிபண்ணுங்கள். கம்ப்யூட்டர் அப்புறம்.

சுவர் வரைக்கும் எல்லாம் சரி என்றால், கார்டைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். திரும்ப மாட்டிப் போடுங்கள். கரண்ட் குதித்ததில் எஸ்.எம்.பி.எஸ் தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருந்தால் இதிலேயே எழுந்துகொள்ளும். அத்தை வீட்டில் எழவில்லை.

படி 2: எஸ்.எம்.பி.எஸ்

கார்டைப் பிடுங்குங்கள். செருப்பு போட்டுக்கொண்டு, ஈரமில்லாத தரையில் நின்று மூடியைத் திறங்கள். உள்ளே கை வைக்கும் முன் கேபினட் இரும்பை ஒருமுறை தொட்டுவிடுங்கள், உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக் மின்சாரம் இறங்கிவிடும்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். தூசி, எறும்புப் புற்று மாதிரி மண், ஒரு பல்லியின் காய்ந்த எலும்பு. பல்லி போர்டுக்கு அடியில் புகுந்து ஷார்ட் ஆன கதையும் நடக்கும், அதனால் அதன் பக்கத்தில் கருகின தடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பாவம், சூட்டுக்கு ஒதுங்கி வந்தது போல.

எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் பெரிய கனெக்டரில் 24 பின் இருக்கும், ரொம்பப் பழசென்றால் 20. அதில் ஊதா வயரைக் கவனியுங்கள். கார்டைத் திரும்ப மாட்டிச் சுவரில் சுவிட்ச் போட்டால், கம்ப்யூட்டர் ஆன் ஆகாமலே அந்த வயரில் 5 வோல்ட் இருக்க வேண்டும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, சிவப்பு முனையை ஊதா வயரின் பின்னிலும் கறுப்பு முனையை ஏதாவது கறுப்பு வயரின் பின்னிலும் வையுங்கள். 4.75க்கும் 5.25க்கும் நடுவில் காட்டினால் நல்லது. அத்தையின் பெட்டி காட்டியது சுத்தப் பூஜ்ஜியம்.

அடுத்த சோதனையையும் செய்தேன், சந்தேகம் இருக்கக்கூடாதே. சுவிட்சை அணைத்து, எஸ்.எம்.பி.எஸ் வயர்கள் எல்லாவற்றையும் போர்டு, டிஸ்க் எல்லாவற்றிலிருந்தும் கழற்றுங்கள். ஒரு பழைய டிவிடி டிரைவை மட்டும் அதில் மாட்டுங்கள், சுமை எதுவும் இல்லாமல் பழைய எஸ்.எம்.பி.எஸ் ஒழுங்காக ஓடாது. பெரிய கனெக்டரில் பச்சை வயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். வளைத்த ஜெம் கிளிப்பால் பச்சையையும் பக்கத்துக் கறுப்பையும் இணைத்துவிட்டு, கையை எடுத்த பிறகு சுவிட்சைப் போடுங்கள். எஸ்.எம்.பி.எஸ் ஃபேன் சுற்ற வேண்டும்.

ஃபேன் சுற்றினால் உடனே நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். அளந்து பாருங்கள்: மஞ்சள் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பு 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சு 3.14 முதல் 3.47 வரை. இதில் ஒன்று கீழே தொங்கினாலும் போர்டு எழாது.

அத்தை வீட்டில் ஃபேன் அசையவே இல்லை. தீர்ப்பு எழுதியாச்சு: எஸ்.எம்.பி.எஸ்.

ஒரு எச்சரிக்கை, இதில் மட்டும் நான் கறார். எஸ்.எம்.பி.எஸ் டப்பாவைத் திறக்காதீர்கள். அதற்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். 'ஃபியூஸ் மட்டும்தான் போயிருக்கும், மாத்திரலாம்' என்று தோன்றும். ஃபியூஸ் சும்மா போவதில்லை, அதற்குப் பின்னால் ஏதோ ஷார்ட் ஆனதால்தான் போயிருக்கும். மொத்தமாக மாற்றிவிடுங்கள். வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். இறகு மாதிரி லேசாக இருப்பது வேண்டாம்.

எஸ்.எம்.பி.எஸ் நன்றாக இருந்தும் எதுவும் நடக்கவில்லை என்றால், பவர் பட்டனே பழுதா என்று பாருங்கள். கேபினட்டின் முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய வயர்களில் 'பவர் எஸ்.டபிள்யூ' என்று எழுதியிருப்பதை உருவிவிட்டு, அது இருந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொடுங்கள். ஆன் ஆனால் கோளாறு பட்டனில். ரீசெட் பட்டன் வயரை அந்த இடத்தில் சொருகிவிட்டால் செலவே இல்லை.

படி 3: ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு

நாகர்கோவில் போய் எஸ்.எம்.பி.எஸ் வாங்கி வந்து மாட்டினேன். ஃபேன் சுற்றியது. அத்தை கையைத் தட்டினாள். மானிட்டரில் ஒன்றும் இல்லை.

இங்கேதான் நிறையப் பேர் மனசு விட்டுவிடுகிறார்கள். பழைய சாமானில் ஒரு கோளாறு தனியாக வராது. ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்த பாகங்கள், ஒருமுறை நின்றதும் அடம் பிடிக்கும்.

மானிட்டர் வயரை முதலில் பாருங்கள். நீல நிறத் தலையில் 15 பின் உண்டு, ஒன்று வளைந்திருந்தாலும் போச்சு. தனியாக கிராஃபிக்ஸ் கார்டு போட்ட சிஸ்டம் என்றால் வயரை அந்தக் கார்டில்தான் சொருக வேண்டும், போர்டில் இருக்கும் ஓட்டையில் அல்ல.

பிறகு ராம், அதாவது போர்டில் நீளமாகச் சொருகியிருக்கும் மெமரி அட்டை. இந்த ஜில்லாவில், அதுவும் கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு என்றால், என் முதல் சந்தேகம் எப்போதும் ராம் மேல்தான். ஜன்னல் கம்பியையே மூன்று வருஷத்தில் தின்கிற உப்புக்காற்று, ராமின் மெல்லிய பித்தளை நிறப் பற்களை விட்டுவைக்குமா?

கார்டைப் பிடுங்கிவிட்டு, இரண்டு பக்கக் கொக்கியையும் விலக்கி ராமை எடுத்தேன். பற்களில் மங்கலாக ஒரு படலம். ரப்பரால் மேலிருந்து கீழாக, ஒரே திசையில், மெதுவாகத் தேயுங்கள். முலாமே போகும் அளவுக்குத் தேய்க்கக் கூடாது. துகள் ஸ்லாட்டுக்குள் விழாமல் தள்ளி நின்று செய்யுங்கள். ஸ்லாட்டைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். வீட்டில் மிச்சமிருக்கும் கை சானிடைசரும் வேண்டாம், பலவற்றில் கிளிசரின் இருக்கும், பிசுபிசுப்பு தங்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் நல்லது.

மாட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை. எனக்கு ரொம்பப் பிடித்தது இது. ராம் எதுவும் இல்லாமலே சிஸ்டத்தைப் போடுங்கள். பீப் பீப் என்று புலம்பினால் சந்தோஷப்படுங்கள். 'எனக்கு ராம் இல்லை' என்று சொல்ல போர்டுக்கும் பிராசஸருக்கும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சத்தத்துக்குப் போர்டில் குட்டி ஸ்பீக்கர் மாட்டியிருக்க வேண்டும், அது இல்லையென்றால் மௌனத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

அத்தையின் போர்டு புலம்பியது. அணைத்து, கார்டைப் பிடுங்கி, ஒரே ஒரு ராமை மட்டும் 'டக்' என்று கொக்கி விழும் வரை அமுக்கிப் போட்டேன். ஒற்றை பீப். திரையில் எழுத்து வந்தது. இரண்டாவது ராமும் சுத்தம் செய்த பிறகு ஒழுங்காக வேலை செய்தது. இரண்டு ராம் இருந்தால் இப்படி ஒவ்வொன்றாகப் போட்டால்தான் எது கெட்டது என்று பிடிபடும்.

அதோடு தேதி தப்பு, எஃப் 1 அமுக்கு என்று ஒரு அறிவிப்பும் வந்தது. அதற்குக் காரணம் போர்டில் இருக்கும் காசு மாதிரியான பேட்டரி, சி.ஆர். 2032. புதுசில் 3 வோல்ட் இருக்கும். இதில் 1.9தான் இருந்தது. மெடிக்கல் ஸ்டோரில்கூடக் கிடைக்கும், மாற்றிவிட்டுத் தேதியைச் சரிபண்ணினால் முடிந்தது.

படி 4: வந்துவிட்டு அணைகிறது

இது அத்தைக்கு நேரவில்லை என்பதால் சுருக்கமாக. ஒரு நிமிஷம், அஞ்சு நிமிஷத்தில் அணைந்தால் சூடு. பிராசஸர் மேலிருக்கும் ஃபேன் சுற்றுகிறதா, அதன் அடியிலுள்ள அலுமினியத்தில் தூசி மெத்தையாகப் படிந்திருக்கிறதா பாருங்கள். அந்தக் காலத்து இன்டெல் சிஸ்டங்களில் ஃபேனை நாலு மூலையிலும் பிளாஸ்டிக் பூட்டுதான் பிடித்திருக்கும். ஒரு மூலை கழன்றாலும் சூடு இறங்காது. கழற்றினால் பிராசஸர் மேல் இருக்கும் பழைய தெர்மல் பேஸ்டை, அதாவது சூட்டை அலுமினியத்துக்குக் கடத்தும் பசையை, துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள்.

போர்டில் பிராசஸரைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைகள்தான் கெபாசிட்டர்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பாக ஏதோ கசிந்திருந்தாலோ அதுதான் குற்றவாளி. 2000ஐ ஒட்டிய வருஷங்களில் வந்த போர்டுகள் பலவற்றுக்கு இந்த வியாதி உண்டு, உள்ளே ஊற்றிய திரவமே சரியில்லாமல் போனதுதான் காரணம். சால்டரிங் தெரிந்த ரேடியோ மெக்கானிக் மாற்றித் தருவார். அதே மைக்ரோ ஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி என்று எழுதியது வாங்கிக் கொடுங்கள்.

நல்ல எஸ்.எம்.பி.எஸ், சுத்தமான ராம், குட்டி ஸ்பீக்கர் எல்லாம் இருந்தும், ராமைக் கழற்றிப் போட்டாலும் போர்டு வாயே திறக்கவில்லை என்றால், பிராசஸருக்குப் பக்கத்திலுள்ள 4 பின் 12 வோல்ட் கனெக்டர் சொருகியிருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள். அதுவும் சரியென்றால்தான் 'போர்டு போச்சு' என்ற வார்த்தைக்கு இடம்.

அப்போதும் சிஸ்டத்தைக் கடையில் கொடுப்பதற்கு முன்னால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு ஸ்க்ரூ, இரண்டு வயர், அவ்வளவுதான். யூ.எஸ்.பி கேஸ் ஒன்று வாங்கி அதில் போட்டு, வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் போட்டோ எல்லாம் அப்படியே இருக்கும். டக் டக் என்று அடித்துக்கொள்ளும் சத்தம் வந்தால் மட்டும் உடனே அணைத்துவிடுங்கள், ஓட ஓட மோசமாகும்.

அத்தை மகளின் கல்யாணப் போட்டோக்களை அன்றைக்கே இரண்டு பென் டிரைவில் எடுத்தேன். ஒன்று அத்தையிடம், ஒன்று மகளிடம். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. அத்தை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, எழுந்து போய் சி.பி.யு பிளக்கையும் இன்டர்நெட் வயரையும் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்து சாயா போட உட்கார்ந்தாள்.