புரட்சிப் போர் வீரரின் மானிய நிலம்: வாரிசுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்கப் புரட்சிப் போருக்கு ஆள் சேர்க்கப் பணம் போதவில்லை. அதனால் நிலம் தருவதாக வாக்குக் கொடுத்தார்கள். 1776 செப்டம்பர் 16 அன்று காங்கிரஸ் (அமெரிக்கக் குடியேற்றங்களின் பொது மன்றம்) போட்ட தீர்மானப்படி சிப்பாய்க்கு 100 ஏக்கர், கேப்டனுக்கு 300, கர்னலுக்கு 500. அந்த வீரர்களின் வழிவந்தவர்கள் இன்றும் "எங்கள் பாட்டனாருக்குச் சேர வேண்டிய நிலம் எங்கே?" என்று தேடுகிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் தேடுகிற விதத்தில் பலர் தவறிவிடுகிறார்கள்.

அந்த நிலம் இன்னும் எங்கோ பெயர் எழுதிக் காத்திருக்கிறது என்று நம்புவதுதான் பெரிய தவறு. பயன்படுத்தாமல் கிடந்த வாரண்டுகளை (இத்தனை ஏக்கர் பெற உரிமை உண்டு என்ற அரசுச் சீட்டுகளை), அரசு நிலம் வாங்க உதவும் சான்றுத்தாள்களாக மாற்றிக்கொள்ள 1830-லேயே சட்டம் வந்தது. 1855 சட்டம் 14 நாள் பணி செய்தவர்களுக்குக்கூட 160 ஏக்கர் வரை கொடுத்தது. அதிலும் வீரர், விதவை, மைனர் பிள்ளைகள் ஆகியோருக்கு மட்டுமே உரிமை. பேரன் பேத்திகளுக்கு இல்லை. இன்று எந்த அலுவலகத்திலும் விண்ணப்பித்து அந்த ஏக்கர்களைப் பெற முடியாது. போருக்குத் தங்கள் முன்னோர் கொடுத்ததாகச் சொன்ன கடனைத் திருப்பிக் கேட்டு டிஹேவன் குடும்பத்தினர் 1990 வாக்கில் தொடுத்த வழக்கும் காலவரம்பு கடந்துவிட்டதாகத் தள்ளுபடியானது. ஆகவே "நிலம் இருக்கிறது, பங்கு வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

போரில் இருந்தவர் எல்லோருக்கும் நிலம் கிடைத்தது என்று நினைப்பதும் பிழை. காங்கிரஸின் வாக்குறுதி, போர் முடியும்வரை கான்டினென்டல் படையில் (காங்கிரஸ் அமைத்த முறையான படையில்) நின்றவர்களுக்கும் போரில் மாண்டவர்களின் வாரிசுகளுக்கும்தான். சில மாதங்கள் ஊர்க்காவல் படையில் இருந்துவிட்டு அறுவடைக்கு வீடு திரும்பியவர் அதில் வரமாட்டார். மாநிலங்களும் தனியே நிலம் கொடுத்தன. வர்ஜீனியா, வட கரோலினா, நியூயார்க், பென்சில்வேனியா கொடுத்தன. நியூ ஜெர்சி, டெலவேர் கொடுக்கவில்லை. எந்த வாக்குறுதி என்று தெரியாமல் தேடினால் தவறான ஆவணக் காப்பகத்தில்தான் போய் நிற்போம்.

வீரர் வாழ்ந்த ஊரிலேயே நிலத்தைத் தேடுவது அடுத்த தவறு. வர்ஜீனியா வீரரின் நிலம் கென்டக்கியிலோ, ஒஹையோவில் சியோட்டோ, லிட்டில் மயாமி ஆறுகளுக்கு இடையிலோ இருக்கும். அது ஷானி முதலிய பழங்குடிகள் வாழ்ந்த மண். ஒஹையோவின் பெரும்பகுதியை அவர்கள் விட்டுக்கொடுக்க நேர்ந்த கிரீன்வில் ஒப்பந்தம் 1795-இல்தான் வந்தது. கூட்டாட்சி அரசு அடுத்த ஆண்டு ஒஹையோவில் ஒதுக்கிய பகுதியிலோ 4,000 ஏக்கர் துண்டுகளாகத்தான் கொடுத்தார்கள். நூறு ஏக்கர்க்காரர்கள் நாற்பது பேர் சேர்ந்தால்தான் ஒரு துண்டு! அந்த விதி மாற 1800 ஆயிற்று. அதற்குள் எத்தனையோ ஏழைச் சிப்பாய்கள் வாரண்டை வியாபாரிகளிடம் அற்ப விலைக்கு விற்றுவிட்டார்கள். வாக்கு பொய்யாகாமலே அவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இதனால்தான் வாரண்டைக் கண்டதும் நிறுத்திவிடக் கூடாது. வாரண்ட், இடம் குறித்த பதிவு, சர்வே, கடைசியில் பட்டா என்று ஒவ்வொன்றாகத் தொடர வேண்டும். பட்டாவில் முன்பின் தெரியாத ஒருவர் பெயர் இருந்தால் மோசடி என்று பதறாதீர்கள்; முதலில் வாரண்டின் பின்பக்கத்தில் விற்பனைக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

வாரிசு என்று ஒரே பெயர் இருந்தால் மற்ற பிள்ளைகள் இல்லை என்று முடிவுகட்டுபவர்களும் உண்டு. வர்ஜீனியாவில் உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் மூத்த மகனுக்கே போகும் என்ற பழைய சட்டம் 1787 தொடக்கம் வரை நடப்பில் இருந்தது. போரில் இறந்தவரின் வாரண்ட் மூத்தவன் பெயரில் வந்திருந்தால், தம்பி தங்கைகள் இருந்தும் ஏட்டில் ஏறாமல் போயிருக்கலாம். ஞானஸ்நானப் பதிவு, வரிக் கணக்கு, உயில் என்று பக்கவாட்டில் தேடினால் அவர்கள் கிடைப்பார்கள்.

கோப்பு இல்லையென்றால் சேவையே இல்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். 1800 நவம்பரில் போர்த் துறை அலுவலகம் தீப்பற்றி, அதுவரை வந்த விண்ணப்பங்கள் அழிந்தன. அதற்குப் பின் வந்த ஓய்வூதிய, நில விண்ணப்பங்கள் சுமார் 80,000 கோப்புகளாகத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் 'ஆர்' என்ற எழுத்தோடு தொடங்கும் எண்கள் நிராகரிக்கப்பட்டவை. பலர் அவற்றைத் திறப்பதே இல்லை. ஆனால் நிராகரிப்பு என்பது அவர் போரிடவில்லை என்று அர்த்தமல்ல. 1832 ஓய்வூதியச் சட்டத்துக்குக் குறைந்தது ஆறு மாதச் சேவை வேண்டும். அது குறைந்தாலோ, விதவையால் திருமணத்தை நிரூபிக்க முடியாமல் போனாலோ மனு தள்ளப்பட்டது. நிரூபிப்பதற்காகக் குடும்ப பைபிளில் பிறப்பு, திருமணம் குறித்த தாள்களைக் கிழித்து அனுப்பிய பெண்கள் இருந்தார்கள். அந்தத் தாள்கள் இன்றும் கோப்புகளில் இருக்கின்றன. குடும்பத்தின் முழு வரலாறும் சில வேளைகளில் அங்கே மட்டும்தான் கிடைக்கும். ஆகவே 'ஆர்' கோப்புகளை முதலிலேயே பாருங்கள், பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். அதே பெயரில் வேறொரு வீரர் இருந்தாரா என்பதைப் படைப்பிரிவையும் வசித்த கவுன்டியையும் (மாவட்டத்தையும்) ஒப்பிட்டு உறுதி செய்துகொண்ட பிறகே அவரை உங்கள் குடும்ப மரத்தில் சேருங்கள்.