மினி-காக்: மூன்றே நிமிடத்தில் மறதியைச் சோதிப்பது எப்படி?

"அப்பாவுக்கு மறதி அதிகமாகிவிட்டது" என்று புறநோயாளிப் பிரிவுக்கு யாராவது அழைத்து வந்தால், புதிதாகப் பணிக்கு வந்தவர்கள் முதலில் பழக வேண்டியது மினி-காக். அமெரிக்க மருத்துவர் சூ போர்சனும் அவரது குழுவினரும் 2000-இல் வெளியிட்ட சோதனை. தாளும் பேனாவும் போதும்.

முதலில் மூக்குக்கண்ணாடி, காது மெஷின் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். காது கேட்காததை மறதி என்று எழுதிவிடக் கூடாது. சுவர்க்கடிகாரம் கண்ணில் படாதபடி உட்கார வையுங்கள். கூட வந்தவரிடம் "நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். சொன்னாலும் எடுத்துக்கொடுப்பார்கள், அது வேறு விஷயம்.

படி 1: "ஐயா, மூன்று வார்த்தை சொல்கிறேன். திருப்பிச் சொல்லுங்கள், அப்புறமும் கேட்பேன். வாழைப்பழம், சூரிய உதயம், நாற்காலி." மூன்று முறை வரை சொல்லலாம். வராவிட்டால் அடுத்ததற்குப் போங்கள்.

படி 2: பெரிய வட்டம் ஒன்றைக் கொடுத்து, கடிகாரம் போல எண்களை எழுதச் சொல்லுங்கள். முடித்ததும், "மணி பதினொன்று பத்து, முள் வரையுங்கள்." வரையும்போதே கவனியுங்கள். சிலர் எல்லா எண்களையும் வலது பாதியிலேயே நெருக்கிவிடுவார்கள். சிலர் ஒரு முள்ளை 11-இலும் இன்னொன்றை 10-இலும் வைப்பார்கள். காதில் விழுந்த 'பத்து' கையை அங்கே இழுத்துவிடும். அதை அடக்கிக்கொண்டு 2-க்குப் போக, ஞாபகம் மட்டும் போதாது, யோசித்துத் திட்டமிடும் திறனும் வேண்டும். மூன்று நிமிடத்தில் முடியாவிட்டால் நிறுத்திவிடலாம்.

படி 3: அந்த மூன்று வார்த்தைகளைக் கேளுங்கள். துப்பு கொடுக்காதீர்கள்.

வார்த்தைக்கு 1 மதிப்பெண். கடிகாரத்துக்கு 2 அல்லது 0, நடுவில் எதுவும் இல்லை. முள்ளின் நீளத்தைப் பார்க்க வேண்டாம். மொத்தம் 5, 3-க்குக் கீழே என்றால் விரிவான பரிசோதனை தேவை. 3 வாங்கினாலும் வீட்டார் கவலைப்பட்டால் நான் விடமாட்டேன்.

பள்ளிக்கூடமே போகாதவர் கடிகாரத்தில் தடுமாறுவது நோயாக இருக்க வேண்டியதில்லை. அவர் சில்லறை சரியாக எண்ணுகிறாரா, மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா என்று விசாரியுங்கள்.

மதிப்பெண் குறைந்தால் உடனே 'டிமென்ஷியா' (மறதி நோய்) என்று எழுதாதீர்கள். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை எதுவும் காரணமாக இருக்கலாம். இரண்டு நாளில் திடீரென வந்த குழப்பம் என்றால் கடிகாரமெல்லாம் அப்புறம்; நோய்த்தொற்றா, சோடியம் குறைவா என்று உடனே பாருங்கள்.

வரைந்த தாளில் தேதி போட்டு நோயாளியின் கோப்பில் வையுங்கள். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் மதிப்பெண்ணைவிட அந்தப் படம்தான் உதவும்.