பொட்டாசியம் சேனலில் கதவு எங்கே இருக்கிறது என்று பார்ப்பது எப்படி

செல் சவ்வில் பொட்டாசியம் அயனிகளைக் கடத்தும் புரதத் துளைதான் பொட்டாசியம் சேனல். அதன் முப்பரிமாணப் படத்தை முதல்முறை திறக்கிறவர்களில் பாதிப் பேர், அயனியைத் தேர்ந்தெடுக்கும் சல்லடையை, திறந்து மூடும் கதவென்று நினைத்துக்கொள்வார்கள். பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. படித்தபோது நானும் வைவாவில் அதையே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதனால் முதலில் இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

புரத வடிவங்களின் இணையத் தொகுப்பான புரோட்டீன் டேட்டா பேங்கில் 1பிஎல்8 (1BL8) கோப்பை எடுங்கள். ஒரே மாதிரியான நாலு புரதத் துண்டுகள் சேர்ந்த, மண் பாக்டீரியா ஒன்றின் கே.சி.எஸ்.ஏ. சேனல் அது, 1998-இல் ராடெரிக் மெக்கின்னன் குழு வெளியிட்டது. 2003-இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது இந்த வகை வேலைக்காகத்தான். அதே சேனலின் 1கே4சி (1K4C) கோப்பு இன்னும் துல்லியம், ஆனால் அப்படியே திறந்தால் நாலில் ஒரு துண்டுதான் திரையில் வரும், கூடவே ஒட்டியிருக்கிற ஆன்டிபாடித் துண்டு வேறு குழப்பும், ஆரம்பத்தில் வேண்டாம்.

திறந்ததும் எதிரெதிர் இரண்டு துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டை மறைத்துவிடுங்கள். செல்லுக்கு வெளிப்புறமாக, 75 முதல் 79 வரையிலான எண்களில் த்ரியோனின், வேலின், கிளைசின், டைரோசின், கிளைசின் என்ற அமினோ அமிலங்கள் இருக்கும் குறுகலான இடம்தான் சல்லடை. அங்கே ஆக்சிஜன் அணுக்கள் துளையைப் பார்த்து நிற்கும். பொட்டாசியம் தன்மேல் இருந்த தண்ணீரை உதறிவிட்டு அவற்றோடு பொருந்திக்கொள்ளும். சோடியம் சின்னது, அதற்கு அந்தப் பொருத்தம் கிடைக்காது. இது யார் போகலாம் என்பதன் கணக்கு. எப்போது போகலாம் என்பதற்குக் கீழே வரவேண்டும்.

கீழே, அதாவது செல்லின் உட்புறம், துளையை ஒட்டிய நாலு உள் ஹெலிக்ஸ்களும், அதாவது சுருள் வடிவப் பகுதிகளும், ஒன்றையொன்று நெருக்கிக் குறுக்கே சாய்ந்திருக்கும். நாலு தென்னை ஈர்க்கை எடுத்து அடியில் சேர்த்துப் பிடித்து, மேலே விரியவிட்டுப் பாருங்கள், அதேதான். அந்த அடிமுடிச்சுதான் கதவு. இனி 2002-இல் வந்த எம்டிஎச்கே என்ற இன்னொரு பொட்டாசியம் சேனலை, 1எல்என்கியூ (1LNQ) கோப்பை, இதன் மேலே பொருத்துங்கள். கால்சியம் பிடித்துத் திறந்த நிலை அது. ஹெலிக்ஸ் நடுவில் ஒரு கிளைசினில் வளைந்து, அடிவாய் சுமார் 12 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) அகலத்துக்கு விரிந்திருக்கும். கே.சி.எஸ்.ஏ.வில் அந்த கிளைசின் 99-ஆவது. கே.சி.எஸ்.ஏ.வின் கதவு திறக்கச் செல்லின் உட்புறம் அமிலமாக வேண்டும்.

சரி, மின்னழுத்தத்தில் திறக்கிறவை? கன்னடியன் கால்வாய் மடையில் ஷட்டர் திருகுகிறவரைப் பார்த்திருப்பீர்கள், தண்ணீரில் கால் வைக்கவே மாட்டார். இங்கேயும் திருகுகிற பாகம் துளையை விட்டுத் தள்ளித்தான் நிற்கிறது. மின்னழுத்தத்தில் திறக்கும் கேவி1.2 சேனலின் 2005-ஆம் ஆண்டுப் படத்தை, 2ஏ79 (2A79) கோப்பை, நாலு துண்டும் சேர்ந்த அசெம்பிளியாக இறக்குங்கள். இதில் ஒவ்வொரு துண்டிலும் எஸ்1 முதல் எஸ்6 வரை ஆறு ஹெலிக்ஸ்கள்; முதல் நாலும் மின்னழுத்த உணரி, எஸ்5-உம் எஸ்6-உம் துளையின் பகுதி. எஸ்4 ஹெலிக்ஸில் பெரும்பாலும் மூன்றுக்கு ஒன்றாக நேர்மின்சுமை அமினோ அமிலம் இருக்கும். செல்லின் உட்புறம் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும்வரை எஸ்4 உள்நோக்கி இழுபட்டு, எஸ்4–எஸ்5 இணைப்பு எஸ்6-ஐ அமுக்கி மூடிவைக்கும். மின்னழுத்தம் மாறினால் எஸ்4 வெளிப்புறம் நகரும், பிடி தளரும். ஒரு துண்டின் உணரி பக்கத்துத் துண்டின் துளையோரம் நிற்பதைப் பார்த்து, அதைத்தான் இழுக்கிறது என்று எழுதிவிடாதீர்கள், இணைப்பு கிடப்பது தன் சொந்த எஸ்6 மேல்தான்.

அப்புறம், மின்னோட்டம் நின்றால் கீழ்க்கதவு மூடியது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். சல்லடையே உருக்குலைந்து அடைபடுவது உண்டு. பழ ஈயின் ஷேக்கர் பொட்டாசியம் சேனலில் இன்னொரு வகை அடைப்பும் உண்டு, புரதத்தின் நுனி ஒரு பந்துபோல உள்ளிருந்து வந்து திறந்த துளையை அடைக்கும். 1990-இல் அந்த நுனியை வெட்டிப் பார்த்தார்கள், அடைப்பு வரவில்லை, நுனித் துண்டைத் தனியாகச் செய்து கலந்ததும் திரும்ப வந்தது.