ஓவியர் தன்னையே வரைந்த படத்தை எப்படிப் பார்ப்பது?

முதலில் பக்கத்தில் ஒட்டியிருக்கும் விளக்கக் குறிப்பைப் படிக்காதீர்கள். சும்மா இரண்டு நிமிடம் படத்தையே பாருங்கள். அந்தக் கண்கள் நம்மைப் பார்க்கின்றனவா, நம்மைத் தாண்டி வேறெங்கோ பார்க்கின்றனவா, வாய் இறுகியிருக்கிறதா என்று மட்டும் கவனித்தால் போதும்.

அப்புறம் கண்ணாடி விஷயம். பெரும்பாலும் கண்ணாடியைப் பார்த்துத்தான் வரைவார்கள் என்பதால் இடம் வலமாக மாறியிருக்கும். டச்சு ஓவியர் வான்கோ 1888 டிசம்பரில் அறுத்துக்கொண்டது இடது காதை, ஆனால் 1889 ஜனவரியில் வரைந்த படத்தில் கட்டு வலது காதில் இருப்பதுபோலத் தெரியும். இது தெரியாமல் அதற்கொரு பெரிய தத்துவம் சொல்லிவிட வேண்டாம்! அதே படத்தில் பின்னால் சுவரில் ஒரு ஜப்பானிய அச்சுப்படமும், அருகே ஓவியம் வரையும் தாங்கியும் இருக்கின்றன. காயத்தைக் காட்டும்போதே 'நான் இன்னும் ஓவியன்தான்' என்கிறார் என்றே எனக்குப் படுகிறது.

சரி, குறியீடுகள். மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ தன்னையே வரைந்த 1940ஆம் ஆண்டுப் படத்தில் கழுத்தில் முள்மாலை, அதில் தொங்கும் செத்த ஹம்மிங் பறவை, தோளருகே குரங்கும் கறுப்புப் பூனையும். முள் குத்தி ரத்தம் வருகிறது, முகமோ அசையவே இல்லை. இந்த முரண்தான் முக்கியம். மெக்சிகோ நாட்டார் வழக்கில் அந்தப் பறவை காதல் தாயத்து, அவருக்கு 1939இல் விவாகரத்து ஆகியிருந்தது. இப்படி ஊர் வழக்கத்தையும் வாழ்க்கையையும் சேர்த்துப் பார்த்த பிறகே அர்த்தம் சொல்லுங்கள், பொதுவான குறியீட்டு அகராதியை நம்பாதீர்கள்.