தோட்டத்தில் கொடை விருந்து வைப்பது எப்படி

எங்கள் பக்கம், அதாவது புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி, கீரமங்கலம் வட்டாரத்தில், பணம் திரட்ட ஆளுக்கு ஆள் ரசீதுப் புத்தகத்தோடு அலைய வேண்டியதில்லை. இலை போட்டுச் சோறு போட்டால் ஊர் தானாக வரும். விருந்து வைத்து மொய் வாங்கும் மொய் விருந்தில் பழகிய மண் இது. பள்ளிப் பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் வந்து விவசாயம் பழகும் எங்கள் பொதுத் தோட்டத்துக்கு விதைக் கொட்டகை கட்ட அந்த வழியைத்தான் பிடித்தோம். பழைய கொட்டகை 2018 கஜா புயலில் போனது. நான் சிங்கப்பூரில் உணவகச் சமையல்கட்டில் பதினோரு வருஷம் இருந்தவன். அதனால் சமையல் பொறுப்பு என்னுடையது. இரண்டு முறை நடத்தியதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் நாள். ஆனி, ஆடியில் வைக்காதீர்கள். அது மொய் விருந்துக் காலம், ஊரே மொய் செய்து கை வறண்டிருக்கும். முகூர்த்த நாளும் வேண்டாம், சமையல் மாஸ்டரும் பாத்திரக்கடையும் கிடைக்க மாட்டார்கள். மாசியில் வளர்பிறைச் சனிக்கிழமை ஒன்று எங்களுக்குச் சரியாக அமைந்தது. மழை இல்லை, நிலா வெளிச்சம் உண்டு, மக்காச்சோளம் காய்ந்து கைக்கு வந்திருக்கும், பலாப்பிஞ்சும் கிடைக்கும்.

அடுத்தது பட்டியல். நம் பொருளை வேறு நாட்டுப் பக்குவத்தில் செய்யும் கலப்புச் சமையல்தான் நாங்கள் வைத்தது. அப்படி என்றதும் கடையில் சீஸும் சாஸும் வாங்கக் கிளம்ப வேண்டாம். தோட்டத்தில் என்ன விளைந்திருக்கிறது என்று முதலில் எழுதுங்கள். பிறகு அதே பொருளை வேறு தேசத்தார் எப்படிச் சமைக்கிறார்கள் என்று பாருங்கள். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. பக்கத்துச் செட்டிநாட்டில் கவுனி அரிசி பர்மாவோடு இருந்த வணிகத்தில் வந்தது என்பார்கள். வந்தது ஊன்றிக்கொண்டதுதான் நம் சமையல். நாங்கள் வைத்தவை மூன்றே புது வகை: மக்காச்சோள ரொட்டியில் கறி வைத்துத் தரும் மெக்சிகோ டாக்கோவில் பலாப்பிஞ்சுச் சுக்கா, இத்தாலிக்காரர்கள் துவையல் போல அரைக்கும் பெஸ்டோவை முருங்கைக்கீரையில் செய்து பிசறிய இடியாப்பம், தேங்காய்ப்பால் ஊற்றிய கவுனி அரிசி. இவற்றோடு ரசம் சோறும் மோர்ச்சோறும் கட்டாயம். பெரியவர்கள் யாரும் பாதி வயிற்றோடு எழுந்திருக்கக் கூடாது.

டாக்கோதான் வேலை. மக்காச்சோளத்தை அப்படியே மாவாக்கித் தட்டினால் விண்டுபோகும். மெக்சிகோக்காரர்கள் அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைக்கிறார்கள். அதில் தோல் கழன்று, மாவுக்குப் பசை வரும், சோளத்தில் அடைபட்டிருக்கும் நயாசின் சத்தும் உடம்பில் சேரும். இந்தப் பக்குவம் தெரியாமல் மக்காச்சோளத்தை மட்டுமே நம்பிய பல நாட்டு ஏழைகளைப் நயாசின் குறைவால் வரும் பெல்லக்ரா என்ற நோய் வாட்டியது. இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, "வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பா அண்ணே?" என்று ஒருத்தி கேட்டாள். அதேதான்.

120 பேருக்கு ஆளுக்கு இரண்டு என்று கணக்கு: காய்ந்த மக்காச்சோளம் 4 கிலோ, தண்ணீர் 12 லிட்டர், உணவுக்கு உகந்த நீற்றுச் சுண்ணாம்புத் தூள் 40 கிராம். நிறமும் வாசனையும் சேர்த்த சுண்ணாம்பு வேண்டாம். விதைக்கடைச் சோளத்தை மறந்தும் வாங்காதீர்கள், அதில் மருந்து கலந்திருக்கும். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். வாடகைக்கு வரும் அலுமினியத் தேக்சாவைச் சுண்ணாம்பு அரிக்கும். கொதித்தபின் சிறுதீயில் முக்கால் மணி நேரம். நகத்தால் சுரண்டினால் தோல் வழுக்க வேண்டும். மூடி வைத்து இரவு முழுக்க ஊறட்டும். காலையில் நாலு தண்ணீரில் தேய்த்துக் கழுவி, கல் கிரைண்டரில் தெளித்துத் தெளித்து அரையுங்கள். தண்ணீர் கூடினால் தோசை மாவாகிவிடும். பிசைந்த மாவு பிளக்காமல் உருள வேண்டும். எலுமிச்சை அளவு உருண்டையை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே பூரி அழுத்தும் கட்டையில் வைத்துத் தட்டி, காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெயில்லாமல் சுடுங்கள். சுட்டதைத் துணியில் சுற்றி மூங்கில் கூடையில் அடுக்கினால் ஒரு மணி நேரம் மெத்தென்று இருக்கும்.

பலாப்பிஞ்சு உங்களுக்கே தெரியும். கையில் எண்ணெய் தடவி நறுக்கி, மஞ்சள் உப்பு போட்டு வேகவைத்து உதிர்த்து, சோம்பு மிளகு வறுத்துப் பொடித்துச் சுண்ட வதக்குங்கள். மேலே பச்சை மாங்காயும் சின்ன வெங்காயமும் பொடியாக நறுக்கியது.

பெஸ்டோவுக்கு, உருவிய முருங்கைக்கீரை ஒரு கிலோவைக் கொதிநீரில் இரண்டு நிமிஷம் போட்டு எடுத்துப் பிழிந்தால் கசப்பு அடங்கும். வறுத்த நிலக்கடலை 300 கிராம், பூண்டு, செக்கு எண்ணெய், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்கலாம். கடலை ஒத்துக்கொள்ளாதவர் இருக்கலாம், பந்தியிலேயே சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.

நாற்பது பேராக மூன்று பந்தி. பிள்ளைகள் பரிமாறட்டும். சோளம் விதைத்த பிள்ளை டாக்கோ கூடையைத் தூக்கட்டும். "இது நான் போட்ட சோளம் தாத்தா" என்று அவள் சொல்வதைக் கேட்டவர் எழுந்ததும் நேராகக் கொடை எழுதும் மேசைக்குத்தான் போனார். பாதையைக் கூட்டிச் சுத்தம் செய்து, வரப்போரம் விளக்குக் கட்டுங்கள்.

இனி கொடை எழுதும் நோட்டு. கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். எங்கள் ஊரில் மொய் என்றால் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். முதல் வருஷம் வெறும் மொய் நோட்டை மேசையில் வைத்துவிட்டோம். பெரியவர் ஒருவர் என் அப்பாவுக்குத் தர வேண்டிய பழைய மொய்யை அங்கேயே எழுதிவிட்டுப் போனார். கொட்டகைப் பணம் எது, எங்கள் வீட்டுப் பணம் எது என்று பிரித்து முடிக்க இரண்டு வாரம் ஆனது. வேறு சிலர், "உங்க தோட்டம் எங்க வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு செய்யும்?" என்று நிஜமாகவே கேட்டார்கள். இரண்டாம் முறை அழைப்பிதழிலும் நோட்டின் முதல் பக்கத்திலும் மைக்கிலும் ஒரே வரி: இது கொடை, திரும்ப வராது. ஊர்ப் பெயர், ஆள் பெயர், தொகை என்று மொய் எழுதும் முறையை மட்டும் வைத்துக்கொண்டோம். ஒருவர் வாங்க, ஒருவர் எழுத, உடனே ரசீது.

பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு, நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச்சலுகை தரும் 80ஜி அனுமதி இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடையாது. அவர்களை வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். சிங்கப்பூர்ச் சொந்தங்கள் விஷயத்திலும் ஒன்று பார்க்க வேண்டும். இந்தியக் குடிமகனாக அங்கே வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியே அனுப்பலாம். அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ கேட்கும் பதிவோ அனுமதியோ இல்லாமல் தொடக் கூடாது. என் சொந்த மாமா கொடுத்ததையே கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பினேன்.

விருந்து முடிந்த மூன்றாம் நாள், வரவு செலவை ஒரே தாளில் எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டுங்கள். சோளம், எண்ணெய், பாத்திர வாடகை, மாஸ்டர் கூலி எல்லாம் வரட்டும். தோட்டத்தில் விளைந்ததுக்கும் சந்தை விலை போட்டு எழுதுங்கள், தன் சோளத்துக்கு என்ன விலை என்று பிள்ளைகள் அங்கே வந்து பார்க்கிறார்கள்.