கேம் நடுவே அணைந்துபோகும் கணினி: பழுது தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தில்லியின் மே மாதப் பிற்பகல் ஒன்றில், மயூர் விகாரில் எங்கள் குடியிருப்பின் மேல்மாடியில் இருக்கும் தமிழ் மாணவன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். அவன் கணினியில் பாடம், படம், இணையம் எல்லாம் நாள் முழுவதும் ஒழுங்காக ஓடும். கனமான கேம் ஒன்றைத் திறந்து பத்து நிமிடம் ஆனால் போதும், அணைந்துவிடும்; நள்ளிரவில் மட்டும் நன்றாக ஓடும். என்னிடம் வருவதற்கு முன்பே அவன் விண்டோஸை இரண்டு முறை ஃபார்மேட் செய்திருந்தான். கணினிக் கடைகள் நிறைந்த நேரு பிளேஸுக்குப் போய்ப் புதிதாக இரண்டு ராம் வாங்கி, இருந்த இரண்டோடு சேர்த்து மாட்டியிருந்தான். அதற்கும் சரியாகாததால், கிராபிக்ஸ் கார்டை விற்றுவிட்டு வேறு வாங்குவதற்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தான்.

"அணையும்போது என்ன ஆகுது? நீல ஸ்கிரீன் வருதா? ஃபேன் சுத்துதா, நின்னுடுதா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பார்க்கலை அங்கிள். ஆஃப் ஆகிடுது, அவ்வளவுதான்."

மற்ற எல்லாத் தவறுகளும் இந்த ஒரு தவறிலிருந்துதான் கிளைக்கின்றன. கணினி எப்படி விழுகிறது என்பதைப் பார்க்காமலே எதை மாற்றுவது என்று முடிவு செய்துவிடுகிறோம். பிளக்கைப் பிடுங்கியதுபோல ஒரு நொடியில் எல்லாம் இருண்டுபோனால், மின்சாரம் வரும் வழியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்; அதற்கடுத்தபடியாகத்தான் கடும் சூடு. பின்புற ஸ்விட்சை அணைத்துச் சிறிது நேரம் கழித்துப் போட்டால்தான் மறுபடி உயிர் வருகிறது என்றால், எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி) தன் பாதுகாப்பு அமைப்பால் தானே பூட்டிக்கொண்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். திரை மட்டும் கறுத்து, ஹெட்செட்டில் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டு, கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் முழு வேகத்தில் இரைந்தால், பழுது அந்தக் கார்டிலோ அதை இயக்கும் மென்பொருளான டிரைவரிலோ அதற்குப் போகும் கேபிளிலோ இருக்கக்கூடும். நீல ஸ்கிரீன் வந்தால் ராம், பிராசஸர், டிரைவர் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் தெரிந்தால், உதிரிபாகம் வாங்கும் பேச்சையே தள்ளிவைக்கலாம்.

இதைக் கவனிக்கத் தவறியவர்கள் அடுத்துப் போய் நிற்பது, நடந்தவற்றை விண்டோஸ் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில். அங்கே சிவப்புக் குறியோடு 'கெர்னல்-பவர் 41' என்று ஒரு பதிவு இருக்கும். பெயரில் 'பவர்' இருப்பதால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் மிகப் பலர். உண்மையில் அந்தப் பதிவு, முந்தைய முறை விண்டோஸ் முறைப்படி மூடப்படவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. அதன் விவரத்தைத் திறந்து, 'பக்செக் கோட்' என்ற இடத்தைப் பார்ப்பதுதான் பயனுள்ளது. அங்கே பூஜ்யம் இருந்தால் நீல ஸ்கிரீனுக்கான பதிவு எதுவும் எழுதப்படவில்லை என்று பொருள். மின்சாரம் அறுந்ததா, முழுக்க உறைந்ததா என்று அந்தத் திசையில் தேடலாம். வேறு எண் இருந்தால் நீல ஸ்கிரீன் வந்திருக்கிறது, நாம்தான் பார்க்கவில்லை. சிஸ்டம் அமைப்பில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற தேர்வை எடுத்துவிட்டால், அடுத்த முறை அந்தத் திரை போகாமல் நின்று தன் பெயரைச் சொல்லும்.

மாணவனின் அறைக்குப் போய், கேமை ஓட்டச் சொல்லி, திரையைப் பார்க்காமல் மேசைக்குக் கீழே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழெட்டு நிமிடத்தில் அங்கிருந்த சிறிய யுபிஎஸ் விடாமல் கீச்சிடத் தொடங்கியது. காதை மூடிய ஹெட்செட்டோடு இருந்த அவனுக்கு அது கேட்கவே இல்லை. பிறகு 'டிக்' என்று ரிலே விழும் சத்தம். கேபினெட் இருண்டது, யுபிஎஸ்ஸின் பச்சை விளக்கும் அணைந்தது. சுவரில் தனியாகச் செருகியிருந்த மானிட்டர் மட்டும் 'நோ சிக்னல்' என்று எரிந்துகொண்டிருந்தது.

"யுபிஎஸ்ஸும் கூடவே அணையுதே, சொல்லவே இல்லையே?" என்றேன்.

"பேட்டரி பழசு அங்கிள், அதனாலன்னு நினைச்சேன்" என்றான்.

அது 600 விஏ யுபிஎஸ். நம் வீடுகளில் கணினி என்றதும் கடைக்காரர் எடுத்து நீட்டுவது இதைத்தான். விஏ என்பது வாட் அல்ல. இந்த அளவுள்ள யுபிஎஸ்களில் பெரும்பாலானவை தாங்குவது சுமார் 360 வாட் மட்டுமே. மாணவன் பயன்படுத்திய ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு ஒன்றே 320 வாட் வரை எடுக்கும்படி வடிவமைக்கப்பட்டது. பிராசஸர், ஃபேன்கள் எல்லாம் அதற்கு மேல். டெஸ்க்டாப்பில் கணினி மிகக் குறைவாக எடுப்பதால் யுபிஎஸ்ஸுக்கு ஒன்றும் தெரியாது. கேம் தொடங்கியதும் சுமை அதன் எல்லையைத் தாண்டிவிடுகிறது. பிற்பகலில் தெருவெங்கும் ஏசி ஓடி வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் யுபிஎஸ் பேட்டரிக்குத் தாவும். அந்தத் தாவலில் இந்தச் சுமையைச் சுமக்க அதனால் முடியாது. நள்ளிரவில் மட்டும் கேம் நன்றாக ஓடியதற்கும் இதுவே காரணம். அவனோ அதைச் சூட்டின் வேலை என்று எண்ணி, கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவைத்து, தண்ணீர் ஊற்றும் கூலரை அதன் பக்கம் திருப்பியிருந்தான். ஈரக்காற்றை நேரே மதர்போர்டின் மேல் அடிப்பது, பழுதைத் தீர்க்காததோடு புதிய பழுதையும் வரவழைக்கும். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

யுபிஎஸ், ஸ்டெபிலைசர், எக்ஸ்டென்ஷன் போர்டு எல்லாவற்றையும் ஒரு மாலைக்கு மட்டும் விலக்கி, எர்த் உள்ள சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகிப் பார்ப்பது காசு செலவில்லாத சோதனை. எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்திருந்தால், அவனுக்கு ராம் வாங்கிய பணம் மிஞ்சியிருக்கும். நேராகச் செருகியதும் அன்று மாலை மூன்று மணி நேரம் கேம் நிற்காமல் ஓடியது.

ஆனால் இரண்டு நாள் கழித்து நீல ஸ்கிரீன் வந்தது. முன்பு அவன் கணினியில் இல்லாத பழுது அது. பழைய ராம் இரண்டையும் வேறு தயாரிப்பான புதிய இரண்டையும் கலந்து, நான்கையும் எக்ஸ்எம்பி வேகத்தில் ஓடவிட்டிருந்தான். எக்ஸ்எம்பி என்பது பெட்டியில் அச்சிட்ட வேகம்தான் என்றாலும், தொழில்நுட்பக் கணக்கில் அது ஓவர்கிளாக்கிங், அதாவது பொதுத் தர வேகத்துக்கு மேல் ஓட்டுவது. எல்லா மதர்போர்டும் எல்லாச் சேர்க்கையையும் அந்த வேகத்தில் தாங்கும் என்று உறுதி கிடையாது. நான்கு ராம் மாட்டும்போது பிராசஸரின் மெமரி கண்ட்ரோலருக்குப் பளு கூடுகிறது. பென் டிரைவிலிருந்து ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட்டியதில், இரண்டாம் சுற்றிலேயே பிழைகள் வரிசையாக வந்தன. புதிய இரண்டையும் கழற்றி மறுபடி ஓட்டினோம். நான்கு சுற்றும் பிழையின்றி முடிந்தன. முதல் பழுதைத் தீர்க்க வாங்கிய பொருளே இரண்டாம் பழுதாகிவிட்டது. ஒரே நாளில் டிரைவர், பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்), ராம் மூன்றையும் மாற்றுகிறவர்களுக்கு எது தீர்த்தது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது. ஒரு மாற்றம், ஒரு சோதனை, ஒரு குறிப்பு என்று தாளில் எழுதிக்கொண்டே போவது சலிப்பான வேலைதான். ஆனால் அதற்குக் குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை.

எஸ்எம்பிஎஸ் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். லேபிளில் உள்ள வாட்டைக் கூட்டிப் பார்த்து, 'கணக்குக்குப் போதும்' என்று விட்டுவிடுவது பெரிய தவறு. கிராபிக்ஸ் கார்டுகள் தங்கள் சராசரியைவிட மிக அதிகமான மின்சாரத்தை மிகச் சிறு கணங்களுக்கு இழுக்கும். 2020இல் வந்த 3080, 3090 கார்டுகளில்தான் இது பரவலாகக் கவனத்துக்கு வந்தது. 2022இல் வெளியான ஏடிஎக்ஸ் 3.0 தரம், தன் அளவைப்போல் இரண்டு மடங்கு சுமையை 100 மைக்ரோ விநாடி வரை தாங்க வேண்டும் என்று எஸ்எம்பிஎஸ்ஸுக்கு விதித்ததற்கு இதுவே பின்னணி. பழைய 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் இத்தகைய கார்டை மாட்டினால், சராசரிக் கணக்கு சரியாக இருந்தும் அந்தக் கணநேர இழுப்பில் அது பூட்டிக்கொள்ளலாம்.

கேபிளிலும் கவனம் வேண்டும். எட்டு முனை இணைப்பு ஒன்றுக்கு 150 வாட், மதர்போர்டு ஸ்லாட்டுக்கு 75 வாட் என்பது தரக் கணக்கு. கார்டில் இரண்டு இணைப்புகள் இருக்கும்போது, நுனியில் இரண்டாகப் பிரியும் ஒரே கேபிளால் இரண்டையும் நிரப்புகிறோம். பளு முழுவதும் ஒற்றைக் கேபிளில் ஏறுகிறது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் இழுப்பதுதான் முறை. புதிய கார்டுகளின் சிறிய 16 முனை இணைப்பு முழுவதும் உட்காராமல் இடைவெளி தெரிந்தால் உருகக்கூடும். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் அப்படி நடந்தது. எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றும் கேபிளை வேறொன்றில் மாட்டுவது. கார்டுப் பக்க முனை ஒன்றாக இருந்தாலும், எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைகளுக்குப் பொதுத் தரம் கிடையாது. ஸ்விட்ச் போட்ட கணமே எஸ்எஸ்டியும் மதர்போர்டும் கருகிப்போகலாம்.

சூட்டைப் பொறுத்தவரை, தில்லியில் அதைப் புறக்கணிக்கவும் முடியாது, எல்லாப் பழியையும் அதன்மேல் போடவும் கூடாது. பிராசஸர் சூடேறினால் உடனே சாவதில்லை. முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை 95 டிகிரி வரை ஓடும்படியே வடிவமைக்கப்பட்டது. இன்டெலில் பொதுவாக எல்லை 100 டிகிரி. ஆகவே படம் தடுமாறி, வேகம் இறங்கி, பிறகு அணைந்தால் சூடு; 75 டிகிரியில் சட்டென்று அணைந்தால் பெரும்பாலும் வேறு ஏதோ. இதைக் கண்ணால் அல்ல, பதிவால் அறிய வேண்டும். பாகங்களின் சூட்டை அளந்து காட்டும் ஹெச்டபிள்யு இன்ஃபோ போன்ற மென்பொருளைக் கோப்பில் பதிவெழுதச் செய்து, அணைந்த பிறகு அக்கோப்பின் கடைசி வரியைப் படித்தால் போதும். மாணவனின் கோப்பில் கடைசி வரி கார்டுக்கு 74, பிராசஸருக்கு 80 என்று காட்டியது. புழுதிக்காற்றுக் காலத்தில் ப்ளோயரால் தூசி ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் அடிப்பக்க வலையை மறந்துவிடக் கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் யாரும் திறக்க வேண்டாம்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

பிழைச் செய்தியின் வார்த்தைகளை அப்படியே நம்புவதும் தவறான பாதையில் கொண்டுபோகும். இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில், அன்ரியல் என்ஜின் என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் உருவான கேம்கள் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று சொல்லி மூடிக்கொண்டன. அதைப் படித்தவர்கள் கிராபிக்ஸ் கார்டை மாற்றினார்கள். பழுதோ பிராசஸரில் இருந்தது. அளவுக்கு மீறிய வோல்டேஜால் அது காலப்போக்கில் தேய்கிறது என்று 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியே திருத்தம் தந்து, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியது. ஏற்கெனவே தேய்ந்த பிராசஸரை அந்தத் திருத்தம் மீட்காது. அந்த வரிசைப் பிராசஸர் வைத்திருப்பவர்கள் பயாஸை இன்றே புதுப்பித்துக்கொள்வது நல்லது.

கணினிக்கு முழுச் சுமை தந்து பார்க்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஒரு மணி நேரம் ஓடியது, எனவே கணினியில் பழுதில்லை என்று சொல்வதும் சரியல்ல. அந்தச் சோதனை ஒரே சீரான சுமையைத் தரும். கேமோ கணத்துக்குக் கணம் ஏறி இறங்கும், பிராசஸரையும் கார்டையும் ஒருசேர இழுக்கும். இவை தவிர, எஸ்எஸ்டியைக் காப்பதாக எண்ணிப் பேஜ் ஃபைலை (ராம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் டிஸ்க் இடம்) அணைத்துவைப்பதும், சி டிரைவை முழுக்க நிரப்பிவைப்பதும் கேம் மட்டும் மூடிக்கொள்வதற்கு அடிக்கடி காரணமாகின்றன. டிரைவரைச் சந்தேகித்தால், சேஃப் மோடில் பழையதை முற்றிலும் நீக்கிவிட்டுப் புதியதைப் போட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பழுது பிடிபடவில்லை என்றால் கடைக்குப் போகத்தான் வேண்டும். அப்போது கேபினெட்டை மட்டும் தூக்கிக்கொண்டு போய் 'பார்த்துச் சொல்லுங்கள்' என்று விட்டுவராதீர்கள். அணையும் கணத்தை மொபைலில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பதிவுக் கோப்பையும், இதுவரை செய்த மாற்றங்களை எழுதிய தாளையும், ஒவ்வொரு பாகத்தின் பில்லையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த கேமில், எத்தனை நிமிடத்தில் அணைகிறது என்பதைச் சொல்லி, அதே கேமை அவர்கள் மேசையில், அவர்களுடைய எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி, உங்கள் கண்முன் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.